எட்டிப் பார்க்கும் பெட்டி

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. புந்தோங் மாரியம்மன் சன்னதியில் ஈரத்துணியோடு நின்று, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் இது எழுதப்படுகிறது. கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

1914-இல் மூண்ட பெரிய சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மலாயாவில், ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, சுண்ணாம்பு மலையடியில் இருந்த யானைப்பாறைத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் நாளுக்கு நாள் குறைந்தது. பால் வெட்டுகிறவர்கள் பாதி மரத்தை வெட்டிவிட்டு மீதி மரத்தடியில் தூங்குகிறார்கள் என்று ஐயாவு கங்காணிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. காரணம், அவருடைய பூட்ஸ். அடிக்கு ஒரு கீச்சு. கமுந்திங்கில் நடந்தால் பல மைல் தள்ளி ஈப்போவில் நாய் குரைக்கும். கழற்றிவிட்டு நடக்கக் கூடாதா என்றால், பூட்ஸ் இல்லாத கங்காணியைக் கங்காணி என்று எவன் மதிப்பான்?

ஒருநாள் துரை கூப்பிட்டார். தோட்டத்து மானேஜர். பெரிய சண்டையில் தனி ஆளாக ஒரு ஜெர்மன் பீரங்கியைப் பிடித்தவர். அவரே சொன்னதால் அது உண்மை.

"கங்காணி, தீபாவளிக்குள்ளே தூங்குற ஆள் ஒண்ணு நமக்குப் பிடிச்சுக் காட்டணும். இல்லே, உன் கறுப்புக் கோட்டு ராமையாவுக்கு."

கறுப்புக் கோட்டுத்தான் பெரிய கங்காணிக்கு அடையாளம்; ராமையா சின்னக் கங்காணி. அன்று சாயங்காலமே அந்தக் கோட்டின் தோள் அகலத்தைக் கண்ணால் அளக்கத் தொடங்கிவிட்டான். ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்கும் அந்தக் கோட்டுத்தான், காய்ச்சலுக்கும் அந்தக் கோட்டுத்தான். அது போனால் உள்ளே இருக்கிற ஆளை அவருடைய பெண்டாட்டி மங்களத்துக்கே அடையாளம் தெரியாது.

அந்த வாரம் ஈப்போவில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி மயில்வாகனம் கூடாரத் துணி பார்க்கப் போனார். கவலையை மறக்க ஐயாவும் கூடப் போனார். இரும்புத் தொப்பி, தண்ணீர்க் குப்பி, காலில் சுற்றும் பட்டை எல்லாம் குவிந்து கிடந்தன. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. மேலே ஒரு பக்கம் வாய், கீழே மறுபக்கம் வாய்.

"இது என்னா, புறாக்கூடா, கிராணி ஐயா?"

"உதுக்குப் பெரிஸ்கோப் எண்டு பேர். குழிக்குள்ள இருந்துகொண்டு மேல நடக்கிறதைப் பாக்கிறது. மேலயும் கீழயும் கண்ணாடி வைச்சிருக்கும். தலையை நீட்டினா சுட்டுப்போடுவாங்கள், அதுக்குத்தான்."

"குழிக்குள்ள உக்காந்துகிட்டா?" கங்காணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உக்காந்தா பூட்ஸு கத்தாதுலா! இது எனக்குன்னே செஞ்சது ஐயா."

மறுநாள் விடிந்ததும் மரங்களுக்கு நடுவே வெட்டியிருந்த காய்ந்த கால்வாயில் இறங்கி, பெட்டியை நட்டு, கீழ்வாயில் கண்ணை வைத்தார். முதலில் ஒரே இருட்டு. வைத்த கண்ணை எடுக்காமல் பொறுமையாக இருந்தார். மெல்ல மெல்லத் தெரிந்தது. ஆனால் தெரிந்தது தோட்டம் இல்லை. சேறு, முள்ளுக்கம்பி, அதற்கு அப்பால் ஒரு குழி. குழிக்குள்ளிருந்து மீசை வைத்த ஜெர்மன்காரன் ஒருவன் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. சண்டை முடிகிறவரை ஒரே இடத்தைப் பார்த்த கண்ணாடிக்கு அந்த இடம் மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்? ஊறுகாய் ஜாடியைக் கழுவிவிட்டால் வாசனை போய்விடுகிறதா?

ஜெர்மன்காரனுக்குப் பின்னால் நாலைந்து சிப்பாய்கள் வாயைப் பிளந்து தூங்கினார்கள். அவன் அவர்களைக் காட்டி உதட்டைப் பிதுக்கினான். ஐயாவும் தன் பக்கத்து மரங்களைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ரொம்பச் சிநேகம். காலையில் கால்வாயில் இறங்கினால் பால் நிறுக்கிற நேரம் வரை எழுந்திருக்க மாட்டார்.

பால் வெட்டுகிறவர்களுக்குப் பெட்டி தெரியாமலா இருக்கும்?

"அக்கா, நம்ம நிரையில புது மரம் ஒண்ணு முளைச்சிருக்கு," என்றான் சன்னாசி.

"பட்டை நல்லாத்தான்டா இருக்கு," என்றாள் இருளாயி. "மரத்துக்கு அடியில தலப்பாக்கட்டுகூட முளைச்சிருக்கே. வெட்டிப் பாரு."

சன்னாசி பெட்டியில் சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, பால் பிடிக்கிற மங்கு ஒன்றையும் மாட்டினான். கீழே கங்காணி தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். ஒளிந்திருக்கிறவர் எப்படி அதட்டுவார்? அந்தப் பெட்டியிலிருந்து ஒரு மங்கு பால் வடிந்தது என்று சன்னாசி பிற்பாடு சொன்னதை நம்ப வேண்டாம். அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். வடிந்தது அரை மங்குதான்.

தீபாவளிக்கு முந்தின நாள் ராமையா துரையைக் கையோடு அழைத்து வந்துவிட்டான்.

"பாருங்க துரை. தூங்குற ஆளைப் பிடிக்கச் சொன்னீங்க. கங்காணியே குழியில படுத்துத் தூங்குறாரு!"

நிரை முழுவதும் கூடிவிட்டது. ஐயாவு பதறி எழுந்தார். வாயோரம் ஈரத்தைத் துடைத்தார். துரையின் பார்வை கோட்டின் மேல் நின்றது.

"தூங்கல துரை! காவல் பாக்குறேன். உள்ள ஒரு ஜெர்மன்காரன் இருக்கான். துரைக்குத் தெரிஞ்ச ஆளு. நீங்க பிடிச்சீங்களே பீரங்கி, அதுக்குப் பக்கத்துலதான் நின்னானாம்."

ராமையா சிரித்தான். துரை சிரிக்கவில்லை. கால்வாயில் இறங்கி, கீழ்வாயில் கண்ணை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். கழுத்து சிவந்தது. பிறகு எழுந்து, விறைப்பாக நின்று, பெட்டிக்கு ஒரு சலாம் அடித்தார்.

"நமக்குத் தெரிஞ்ச ஆள்தான். கொஞ்சம் இளைச்சுப் போச்சு. ராமையா, நீயும் பார்."

ராமையா பார்த்தான். துரையின் முகத்தையும் பார்த்தான். "ஆமாங்க துரை. தலை வாரிக்கிட்டிருக்கான்."

பிறகு எல்லாரும் வரிசையாகப் பார்த்தார்கள். சன்னாசிக்குக் குதிரை தெரிந்தது. இருளாயிக்கு ஒரு வெள்ளைக்காரப் பொம்பளையே தெரிந்தாள்.

"முள்ளுக்கம்பியில துணி காயப் போடுறாடா, பாவி மக. கிழிஞ்சிராதா?"

கறுப்புக் கோட்டு ஐயாவின் முதுகிலேயே தங்கியது. மறுநாளிலிருந்து கால்வாயில் துரையே உட்கார்ந்தார், ஐயாவு குடை பிடித்தார், தோட்டம் நிம்மதியாகத் தூங்கியது. துரை சீமைக்குக் கப்பல் ஏறிய பிறகு மங்களம் அந்தப் பெட்டியைப் பொங்கல் அடுப்புக்காகப் பிளந்தாள். உள்ளே நாலு பலகையும் ஒரு பல்லியும் இருந்தன. கண்ணாடி இரண்டையும் ஏலத்துக்கு அனுப்பும் முன்பே பட்டாளத்தார் கழற்றி எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.