பதினாறு கோர் மெய்க்கீர்த்தி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் கம்ப்யூட்டர் கட்டிப் பார்க்காதவர்கள். பார்த்திருந்தால் அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள். கட்டியவனிடம் போய் 'உள்ளே என்ன போட்டிருக்கிறாய்' என்று மட்டும் கேட்டுவிடாதே என எச்சரித்தும் இருப்பார்கள்.

பல் டாக்டரிடம் அதைக் கேட்கவே வேண்டியதில்லை. வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு எதிர்ப்பேச்சுப் பேச வழியில்லை என்பதால், அவரிடம் கடைவாய்ப் பல் அடைத்துக்கொண்ட எல்லாருக்கும் அவர் வீட்டு மெஷினின் விவரம் மனப்பாடம். பதினாறு கோர் ப்ராசஸர். அறுபத்துநாலு ஜிபி ராம். மூன்று விசிறி வைத்த கிராஃபிக்ஸ் கார்டு. ஆயிரம் வாட் பவர் சப்ளை. குழாய்களில் தண்ணீர் ஓடி ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலர். எல்லாம் தனித்தனியாக வாங்கித் தன் கையாலேயே பூட்டியது.

"கடையில ரெடியா விக்கிறத வாங்கறது, அடுத்தவன் பல்செட்ட மாட்டிக்கிற மாதிரி" என்பார். நோயாளி "ஆ" என்பார். டாக்டர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொள்வார்.

இப்படிக் கட்டியவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர், பல் டாக்டர். செயலாளர் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார். டாக்டர் தலைவராக இருப்பது தற்காலிக ஏற்பாடுதான் என்று மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவர். அடுத்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மெஷினுக்குள் விரல் நுழையும் சந்திலெல்லாம் கலர் விளக்கு வைத்ததால் அவருக்கு லைட்டு என்று பெயர். நான்காமவர் லிஃப்ட் மெக்கானிக், டாக்டர் மனைவியின் சொந்த அண்ணன். பழைய சாமான்களைப் பொறுக்கிக் கட்டியவர். அவரைச் சேர்த்தது தகுதி பார்த்து அல்ல, முறை பார்த்து.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வீட்டுக்காரர் எழுந்து நின்று தன் மெஷினின் விவரத்தை வாசிப்பார். ஊரை வென்றேன், யானையைக் கவர்ந்தேன் என்று பழைய ராஜாக்கள் கல்லில் வெட்டி வைத்த மெய்க்கீர்த்தி உண்டே, அதே தோரணை. மற்றவர்கள் கேட்டுத் தலையாட்ட வேண்டும். அடுத்தவர் மெஷினின் மூடியைக் கழற்றிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. அது அடுத்தவர் வீட்டு பீரோவைத் திறப்பதற்குச் சமம் என்று வாத்தியார் விதியே எழுதி வைத்திருந்தார்.

இந்த மாதம் டாக்டர் வீட்டு முறை. அன்றைக்குக் காலையில் பார்த்து அவர் மனைவியின் லேப்டாப் கண்ணை மூடியது.

அந்த அம்மாள் வீடியோ எடிட்டர். தீயணைப்புத் துறைக்காகப் பயிற்சிப் படங்கள் எடுத்துத் தரும் நிறுவனம் ஒன்று, மொத்தம் பன்னிரண்டில் முதல் படத்தை அவரிடம் கொடுத்திருந்தது. அது சரியாகப் போனால் மீதி பதினொன்றும் அவருக்கு. மாலை ஆறு மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். இதற்கு முன் வேலை பார்த்த எடிட்டர் ஒரே ஒரு நாள் தாமதித்தார். அதனால்தான் அவர் முன் வேலை பார்த்த எடிட்டர். வெட்டுவதும் ஒட்டுவதும் எல்லாம் முடிந்து, தனி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. துண்டுகளை ஒரே படமாகக் கோத்து வெளியே எடுக்கும் 'ரெண்டர்' மட்டும் பாக்கி. அதை மனிதர் செய்ய முடியாது. மெஷின்தான் உட்கார்ந்து அரைக்க வேண்டும்.

"ஏங்க, உங்க மெஷின்ல போட்டுக்கட்டுமா?"

மற்ற நாளாக இருந்தால் டாக்டர் அந்த அறையின் கதவையே திறந்திருக்க மாட்டார். ஆனால் சங்கம் வரப்போகிறது. பார்க்க ஆள் இருக்கும்போது தாராளம் தானாகவே வரும்.

"தாராளமா போடு. உன் லேப்டாப்புக்கு இது மலை. என் மெஷினுக்கு இது கொசு. நாங்க சாப்பிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

பன்னிரண்டரைக்குப் போட்டார்கள். ஒரு மணிக்குச் சங்கம் வந்தது. சாப்பாட்டை முடித்துவிட்டு, மெஷின் இருக்கும் அறையில் நாற்காலிகளைப் போட்டு அரைவட்டமாக உட்கார்ந்தது. டாக்டர் தொண்டையைச் சரிசெய்து எழுந்தார்.

"பதினாறு கோர் ப்ராசஸர்..." என்று ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் திரையில் பதினெட்டு சதவீதம் என்று இருந்தது. ராமுக்கு வந்தார், பதினெட்டு. கிராஃபிக்ஸ் கார்டின் விசிறிகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினார், பதினெட்டு. கூலரின் குழாய் எந்தக் கோணத்தில் வளைகிறது என்று கையை வளைத்துக் காட்டியபோது பத்தொன்பது ஆனது. லைட்டு கை தட்டினார். எதற்கு என்று டாக்டருக்குப் புரியவில்லை. குழாய்க்குத்தான் என்று வைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு மனைவி வந்து திரையைப் பார்த்தார். இருபது சதவீதம். கீழே சின்ன எழுத்தில், இன்னும் ஆறு மணி நேரம் என்று இருந்தது.

"ஏங்க, எட்டு மணி ஆகும்னு காட்டுது."

"ஆரம்பத்துல அப்படித்தான் காட்டும். போகப்போக வேகம் பிடிக்கும்."

"ஒன்றரை மணி நேரமா ஆரம்பமாவே இருக்குதே?"

"உன் ஃபைல் ரொம்ப கனம்மா."

"என் ஃபைல் கனம்னா, இந்த மெஷின் எதுக்குங்க? லேசான ஃபைலுக்கா ஆயிரம் வாட்?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மட்டும் இருமினார்.

வாத்தியார் இப்படியொரு சந்தர்ப்பத்துக்காகத்தான் மூன்று வருஷமாகக் காத்திருந்தார். "நான் அப்பவே சொன்னேன் டாக்டர், ராம் அந்த மாடல் வேணாம்னு. நான் போட்டிருக்கறது..."

"ராமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்."

"விளக்கு கம்மி" என்றார் லைட்டு. அவருக்கு எந்த நோய்க்கும் மருந்து ஒன்றுதான்.

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து மெஷினிடம் போனார். "மாப்ள, டெம்பரேச்சர் என்ன?"

"நாப்பத்தி நாலு" என்றார் டாக்டர், யோசிக்காமல்.

"அது எப்ப பாத்தது?"

"ஆன் பண்ணின உடனே."

"அது வெறும் வயித்துல எடை பாக்கற கதை. இப்ப, வேலை ஓடும்போது என்ன?"

டாக்டர் அதைப் பார்த்ததில்லை. வேலை ஓடினால்தானே பார்ப்பதற்கு. மனைவி திரையின் ஓரத்தில் திறந்து பார்த்தார். தொண்ணூற்றேழு.

"லிஃப்ட் மோட்டார் சூடானா தானே மெதுவாயிடும், எரிஞ்சு போகாம தன்னைக் காப்பாத்திக்கும். இதுவும் அதேதான்" என்ற மெக்கானிக், மெஷினின் மேல்பக்கம் விரலை விட்டுக் கூலர் குழாயைத் தொட்டார். மறுபடி தொட்டார். "இங்க பாரும்மா. உள்ள தொண்ணூத்தேழு. குழாய் சில்லுனு இருக்கு. சூடு தண்ணிக்குப் போய்ச் சேரவே இல்ல. ரெண்டுக்கும் நடுவுல என்னமோ இருக்கு. மூடியைத் திறந்து கூலரைக் கழட்டிப் பாக்கணும்."

"திறக்கறதா? சங்க விதி இருக்கு மச்சான்" என்றார் டாக்டர்.

"விதி எண் நாலு" என்றார் வாத்தியார். விதியை எழுதியதற்காக முதல் முறையாக வருத்தப்படுகிறவர்போல இருந்தது அவர் குரல்.

"அண்ணா, கழட்டணும்னா மெஷினை நிறுத்தணுமா?"

"நிறுத்தணும். இந்த இருபது போயிடும். முதல்லேருந்து ஓட்டணும்."

மனைவி கடிகாரத்தைப் பார்த்தார். இப்படியே விட்டால் எட்டு மணிக்கு நிச்சயமாக முடியும், நிச்சயமாகத் தோற்கும். நிறுத்திவிட்டு அண்ணன் நினைப்பு தப்பாக இருந்தால் எட்டு மணிக்குக்கூட முடியாது.

"ஏம்மா, கொஞ்சம் பொறு" என்று டாக்டர் கையைப் பிடித்தார். "நான் பாத்துப் பாத்துக் கட்டினது. அதுல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல. அவங்களுக்கு ஒரு போன் போட்டு, நாளைக்கு அனுப்பறேன்னு சொல்லிடு."

"முன்னாடி இருந்தவரும் அப்படித்தாங்க போன் போட்டாரு."

நிறுத்தும் பட்டனை மனைவியே அழுத்தினார். விசிறிகளின் சத்தம் இறங்கி அடங்கியது. யாரோ வெளியேறிய வீடு மாதிரி இருந்தது அறை.

மெக்கானிக் மெஷினின் பக்கவாட்டுக் கண்ணாடி மூடியைக் கழற்றி எடுத்தார். கூலரின் நான்கு திருகுகளையும் கழற்றி, ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருந்த வட்டமான தலையை மெல்லத் திருகித் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். தங்கையிடம் நீட்டினார்.

கூலரின் செம்புப் பரப்பில், ப்ராசஸரின் சூட்டை நேராக வாங்க வேண்டிய இடத்தில், கண்ணாடிபோலத் தெளிவான, மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் ஒன்று ஒட்டியிருந்தது. கம்பெனியில் கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புவது. அதன்மேல் சிவப்பில் பெரிய எழுத்தாக, மாட்டுவதற்கு முன் உரித்து எடுக்கவும் என்று அச்சடித்திருந்தது. மூன்று வருஷச் சூட்டில் எழுத்து லேசாகப் பழுத்திருந்தது. மற்றபடி நன்றாகவே படிக்க முடிந்தது.

"சாக்லேட்ட பேப்பரோட தின்னிருக்கீங்க மாப்ள" என்றார் மெக்கானிக்.

டாக்டர் அந்த ஃபிலிமைப் பார்த்தபடி நின்றார். வாயைத் திறந்து, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மனைவிக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. "இப்ப என்ன பண்ணணும் அண்ணா?"

"உரிச்சுட்டு, பழைய பேஸ்ட்டத் துடைச்சுட்டு, புதுசு வைக்கணும். சூட்டக் கடத்தறதே அந்தப் பேஸ்ட்தான்."

துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும் பல் டாக்டர் வீட்டில் இல்லாமலா. பேஸ்ட் ட்யூபை வாத்தியார் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்; பேனா வைக்கும் இடத்தில் அதைத்தான் வைத்திருப்பார். எடுத்தாரே தவிரக் கொடுக்கவில்லை.

"வைக்கிற முறை முக்கியம். நடுவுல ஒரே ஒரு பொட்டு."

"பெருக்கல் குறி போடணும் சார்" என்றார் லைட்டு. "அப்பதான் மூலைக்கும் போகும்."

"பொட்டு வச்சா அழுத்தத்துல அதுவே பரவும். இது திரவ இயக்கவியல்."

"தப்பு" என்றார் டாக்டர், உயிர் வந்து. "ஸ்பாட்டுலா வச்சு மெல்லிசா, சமமா தடவணும். நான் பல்லுக்கு சிமெண்ட் அப்படித்தான் வைப்பேன்."

"ஆமாமா, ஃபிலிம் மேல சமமாத்தான் தடவியிருக்கீங்க" என்றார் மச்சான்.

வாக்குவாதம் மூன்றாம் சுற்றுக்குப் போனபோது மணி இரண்டே முக்கால். மனைவி வாத்தியார் கையிலிருந்து ட்யூபைப் பிடுங்கினார்.

"ஏங்க, பல் தேய்க்கப் பசங்களுக்கு எவ்வளவு பேஸ்ட் வைக்கச் சொல்லுவீங்க?"

"பட்டாணி அளவு" என்றார் டாக்டர், பழக்கதோஷத்தில்.

பட்டாணி அளவு வைத்தார். அண்ணன் கூலரை அழுத்தி மாட்டினார். மூன்று மணிக்கு ரெண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. மூன்று பத்துக்கு ஏழு சதவீதம். மெக்கானிக் குழாயைத் தொட்டு, "ம், வெதுவெதுன்னு வருது" என்றார், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர்போல. டெம்பரேச்சர் எழுபதில் நின்றது.

இதற்குள் அறையில் வேறொரு மாற்றம் நடந்திருந்தது. வாத்தியார் பேச்சை நிறுத்தியிருந்தார். டாக்டரைக் குத்திக்காட்ட வாழ்நாளில் இதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, எதையோ நினைவுபடுத்திக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார். லைட்டின் கண்களும் அதேபோலத் தொலைவில் இருந்தன.

"எனக்கு... விடைத்தாள் திருத்த வேண்டியது இருக்கு" என்றார் வாத்தியார்.

"ஸ்கூலே பெரிய லீவு, இப்ப ஏது சார் பரீட்சை?" என்றார் மெக்கானிக்.

"அடுத்த பரீட்சைக்கு."

"நானும் கிளம்பறேன் டாக்டர். கடையப் பூட்டினேனான்னு சந்தேகமா இருக்கு" என்றார் லைட்டு.

"கடையப் பூட்டினதா, ஃபிலிம உரிச்சதா?" என்றார் மெக்கானிக்.

இருவரும் செருப்பை மாட்டிய வேகத்தில் வாத்தியாருடைய ஒன்று லைட்டின் காலில் போய்விட்டது. அதைத் திருப்பிக் கேட்கக்கூட யாரும் நிற்கவில்லை.

மெக்கானிக் சிரித்து முடித்தார். பிறகு தாடையைச் சொறிந்தார். "தங்கச்சி, இனிமே தானா ஓடும். நானும் போய்ட்டு வந்துர்றேன். நம்மளுது செகண்ட் ஹேண்ட் கூலர்தான். இருந்தாலும், முன்னாடி வச்சிருந்தவன் எப்படிப்பட்ட ஆளோ."

ஐந்து முப்பத்தைந்துக்கு நூறு சதவீதம். மனைவி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். பார்க்க முடிந்த அளவுக்குத்தான், தாண்டித் தாண்டி. ஏணி ஏறுகிறவர் ஏணியிலேயே இருந்தார், குரல் உதட்டோடு ஒட்டியது. அனுப்பினார். எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் ஊர்ந்தது. ஐந்து ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை அவர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்து, டாக்டர் கொண்டுவந்து வைத்த டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலை அதிசயங்கள் நிகழ்ந்தன. ஐந்தே முக்காலுக்கு வாத்தியார், தன் மெஷினின் டெம்பரேச்சர் இருபத்தெட்டு டிகிரி குறைந்திருப்பதாக அறிவித்தார். நீண்டநாள் ஆராய்ச்சிக்குப் பின் விசிறியின் சுழற்சியை நுணுக்கமாகத் திருத்தியதே காரணம் என்று மூன்று பத்திகள் எழுதியிருந்தார். ஆறு மணிக்கு லைட்டு, விளக்குகளை நீல நிறத்துக்கு மாற்றியதிலிருந்து தன்னுடையது முப்பத்தொரு டிகிரி குறைந்துவிட்டதாகப் போட்டார். நீலம் குளிர்ச்சியான நிறம் என்று வாத்தியார் அதை ஆமோதித்தார். மெக்கானிக் எதுவும் எழுதவில்லை. சிரிக்கும் பொம்மையாகப் பதினைந்து அனுப்பினார்.

டாக்டர் எல்லாவற்றையும் படித்தார். இரண்டு முறை பதில் எழுத ஆரம்பித்து இரண்டு முறையும் அழித்தார்.

ஏழு மணிக்கு நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. படம் பிடித்திருக்கிறது, மீதி பதினொன்றும் அவருக்கே, இரண்டாவது படம் வியாழக்கிழமைக்குள் வேண்டும். மனைவி அதைச் சத்தமாகப் படித்தார். டாக்டருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. முகத்தில் அது வந்து சேரச் சற்று நேரமானது, அவ்வளவுதான்.

"அப்ப மெஷின் இனிமே எனக்குத்தாங்க வேணும்" என்று மெஷின் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்து, தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார் மனைவி.

"எனக்கு வேணும்னா?"

"சொல்லுங்க, உடனே எந்திரிச்சுத் தர்றேன். எதுக்கு வேணும்?"

டாக்டர் யோசித்தார். அந்த மெஷினில் உட்கார்ந்து மூன்று வருஷமாகச் செய்தவற்றை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அந்த மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று எழுதியது நினைவுக்கு வந்தது. எழுதியதைத் திருத்தியதும் வந்தது.

"சும்மா, கொஞ்ச நேரம் உக்கார."

"அதுக்குத்தாங்க சோபா வாங்கிப் போட்டிருக்கோம்" என்று மனைவி இரண்டாவது படத்தைத் திறந்தார்.