தெரியாது என்று சொன்ன டாக்டர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் அக்காவுக்குப் புற்றுநோய். புது மருந்துக்கான ஆய்வு ஒன்றில் சேருகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அன்றே எங்கள் வீட்டில் எல்லோரும் டாக்டர்களாகிவிட்டார்கள். அவர்களையும் அந்த டாக்டரையும் கிழிகிழியென்று கிழிக்கத்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் வரி: மனிதர்களை எலிகளாக்கும் அந்த வெள்ளைக் கோட்டுக்காரன்...

(அடித்துவிட்டேன். அவர் கோட்டே போடுவதில்லை. சட்டைப் பையில் இரண்டு கண்ணாடிகளை வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடுகிற மனிதர்.)

இன்னொன்று: அறிவியலுக்காகத் தன்னையே அர்ப்பணித்த அக்கா, கண்களில் ஒளி பொங்க...

(அக்கா படித்தால் செருப்பு பறக்கும்.)

3

சரி, நடந்ததையே எழுதுகிறேன்.

"இப்ப இருக்கிற மருந்தா, புது மருந்தா, உங்களுக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார் டாக்டர்.

"அப்ப நீங்க எதுக்கு சார்?" இது அக்காவின் கணவர், என் அத்தான்.

அக்கா கேட்டாள்: "ரெண்டுல எது நல்லது டாக்டர்?"

"தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஆய்வே வேண்டாமே."

அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

[அடிக்குறிப்பாக வைக்க நினைத்தது: அங்கிருந்து நேராக, எல்லாம் தெரிந்த ஒரு டாக்டரிடம் போனோம். "கவலையே படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவருக்கும் அந்த ஆய்வைப் பற்றித் தெரியும். "நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. தெரியாதுன்னு வாயைத் திறந்தா பேஷண்ட் நிக்க மாட்டாங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். உண்மை சொன்னவரை விட்டு ஓடிவந்த குடும்பத்தை வைத்துக்கொண்டு இவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? எரிச்சலாக இருந்தது.]

4

கதைக்குக் கைவசம் உள்ள முடிவுகள்.

அ. சேர்ந்தாள், பிழைத்தாள். (மருந்துக் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

ஆ. சேர்ந்தாள், ஆனால்... (இதை நான் முடிக்க மாட்டேன்.)

இ. சேரவில்லை. அத்தான் நிம்மதியாகத் தூங்கினார். அக்கா தூங்கவில்லை.

5

இதுவரை எழுதியதை அக்கா இப்போதுதான் படித்து முடித்தாள்.

"நல்லா நக்கலடிச்சிருக்க. எங்க எல்லாரையும் ஒரு பிடி பிடிச்சிட்ட. நீ என்ன நினைக்கிறன்னு மட்டும் எங்கயும் காணோம். உனக்கு வந்திருந்தா நீ சேருவியா?"

"சேருவேன்."

"கதைக்குச் சொல்றியா, எனக்குச் சொல்றியா?"

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆய்வில் ஆள் சேர்ப்பது நாளையோடு முடிகிறது. அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள் அல்லவா? வாருங்கள், என் நாற்காலியில் உட்காருங்கள். அவளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.