ஜன்னலோர நாற்காலியில் டவர் உண்டு

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாகக் கண் பரிசோதித்து எழுதித் தருகிறேன். 'இது தெரியுதா, இப்ப தெரியுதா' என்று கேட்டே பாதி ஆயுள் போய்விட்டது. அதனால், வீட்டுக்கு டவர் பார்க்க வந்தவர் கையிலிருந்த கருவியைப் பார்த்து, "மைனஸ் நூத்திப் பத்து, ரொம்ப மோசம்" என்றபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் தொழிலிலும் மைனஸ் ஏற ஏறக் கதை கந்தல்தான்.

அவரை வரவழைத்ததற்குக் காரணம் என் தங்கை. ஐந்து மாதத்துக்கு முன் அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு பாதியில் நின்றுபோனது. 'டவர் போயிடுச்சு' என்று மெசேஜ் அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது. அதோடு சரி. அப்புறம் அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. சித்தி விசாரித்தபோது, நாலு பக்கமும் கட்டடம், எங்கள் வீடு கிணறு மாதிரி என்றேன். மாமாவிடம் சுவரின் மேல் பழி போட்டேன். வீட்டில் டவரைச் சரிசெய்துவிட்டேன் என்ற சாக்கில் தங்கையைக் கூப்பிடலாம் என்பது என் திட்டம். சும்மா எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? எனக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

டவர்காரர் கறாரான ஆள். சமையலறை, படுக்கையறை, துணி காயப்போடும் இடம் என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்குள் இன்னொரு மனிதக் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அவர் சீக்கிரம் கிளம்பிவிடக் கூடாதென்று, மாடியில் மாட்டப்போகும் ஆன்டெனா துருப்பிடிக்குமா, இடி மின்னலுக்குத் தாங்குமா என்று வேண்டாத கேள்வியெல்லாம் கேட்டுவைத்தேன். பாவம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

பேச்சு எங்கே கட்டாகிறது என்று கேட்டார். கூடத்தில் ஜன்னலோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினேன். அவரே அதில் உட்கார்ந்து பார்த்தார். கருவியை அணைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார்.

"மைனஸ் எழுபத்தெட்டு. வீட்டுலேயே நல்ல இடம் இதுதான் மேடம். இங்க கட்டாக வாய்ப்பே இல்லையே."

"அன்னைக்கு ஆச்சு," என்றேன்.

அப்படியென்றால் போனில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நல்ல மனுஷன்.

கோளாறு போனில் இல்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று மாதமும் தங்கைதான் பார்த்துக்கொண்டாள். இதோ வர்றேன், அதோ வர்றேன் என்று நான் நாளைக் கடத்தினேன். கடையில் லீவு தரவில்லை என்று சொன்னது சுத்தப் பொய். முதலாளி போ, போ என்று விரட்டாத குறை. எனக்குப் பயம். எலும்பும் தோலுமாக அம்மாவைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் போய் நின்றேன். அப்போது தங்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனில் கேட்டாள்.

"கடைசிப் பத்து நாளும் உன்னத்தான் கேட்டாங்க. ஏன்க்கா வரல?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டேன். ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

அந்த இடத்தில் உட்கார்ந்து பேசினாலே போதுமே, டவரைக் கூட்டித் தரும் பூஸ்டர் அவசியமா என்று டவர்காரர் யோசித்தார். மாட்டுங்கள் என்று பிடிவாதமாகச் சொன்னேன். மொட்டைமாடியில் ஆன்டெனாவை நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, நடையில் சின்னப் பெட்டியை மாட்டினார். இனி யாருக்காவது போன் போட்டு, அறை அறையாக நடந்து ஒரு நிமிடமாவது பேசிப் பார்க்கச் சொன்னார். யாருக்குப் போடுவது? நான் விழிப்பதைப் பார்த்துத் தன் நம்பரையே கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போனார். சமையலறையில் நின்றுகொண்டு அவரிடம் என்ன பேச என்று தெரியாமல், கடைச் சுவரில் தொங்கும் கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகளை மேலிருந்து கீழாக ஒப்பித்தேன். சிரித்துவிட்டார். எல்லாம் சுத்தமாகக் கேட்கிறது என்றார். பிறகு சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடு பழையபடி கப்சிப்.

மதியம் தங்கையைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். என் முட்டிவலியை விசாரித்தாள். அவள் வீட்டுப் பக்கம் தெருவைத் தோண்டிப் போட்டிருப்பதைச் சொன்னாள். பூஸ்டர் பெருமையை நான் அளந்தேன். நல்லதுக்கா என்றாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மரியாதை. அந்தக் கேள்வி வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரிக்கா, உனக்கு டவர் போயிடும். வச்சிடட்டுமா?"

உம் என்று சொன்னால் போதும், இருவருக்கும் கௌரவம் காப்பாற்றப்பட்டுவிடும். வருஷத்துக்கு நாலு முறை முட்டிவலியும் தெருவுமாகப் பேசிக் காலத்தை ஓட்டிவிடலாம்.

"போகாது. அன்னைக்கும் போகல. நான்தான் வச்சேன்."

"தெரியும்," என்றாள் அவள். "டவர் போனா உன் குரல் விட்டு விட்டுக் கேக்கும். அன்னைக்கு நல்லா கேட்டுச்சு."

அவள் மூச்சுகூட எனக்குக் கேட்டது.

"பயமா இருந்துச்சுடி. அம்மாவ அப்படிப் பாக்க."

"எனக்கும் பயமாத்தான்க்கா இருந்துச்சு. தெனமும். நான் எங்க போறது?"

வைத்துவிட்டாள். உடனே திருப்பிக் கூப்பிட்டேன். முழுதாக மணியடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன். டவர் மேல் பழி போட எனக்கு இனி வழியில்லை.