வாசலில் ஓர் இருமல்

எனக்குக் காசநோய் என்று பாலக்காட்டுக் காலேஜில் ஒரு விரிவுரையாளர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த வகுப்பில் இன்னொருவர், நான் பெண்டாட்டியை நடுங்கவைக்கிற கொடுங்கோலன் என்றார். இரண்டு பேரையும் நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் கடலைக்காடும் கிணறுமாக என் பாட்டுக்குக் கிடக்கிறவன் நான்.

எல்லாம் என் மனைவி மயிலாத்தாள் எழுதிய கதையால் வந்த வினை. ஏதோ வாரப்பத்திரிகையில் வந்த கதை, எழுபத்து நாலில் யுனிவர்சிட்டிப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. சின்னக் கதைதான். அந்தி நேரம். ஒருத்தி வீட்டுக்குள் கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். காட்டிலிருந்து வந்த புருசன் வாசலில் நின்று இருமுகிறான். ‘அவள் கை நின்றது’ என்று கதையும் நின்றுவிடுகிறது.

இருமல் என்றால் இருமல் இல்லை, செருமல். எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் வீட்டுக்குள் திடுதிப்பென்று நுழைவதில்லை. உள்ளே பெண்பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ என்று வாசலில் ஒரு தடவை செருமிவிட்டுத்தான் வருவோம். இது உடும்பஞ்சோலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த ஏசுரத்தினம் சாருக்கும் தெரியாது, கல்பாத்தி அக்கிரகாரத்து சேஷன் சாருக்கும் தெரியாது. முன்னவர் அதை அதிகாரக்குரல் என்று சொல்லிக்கொடுத்தார். பின்னவர் நோய் என்றார்.

நோயை விடுங்கள். ஏசுரத்தினம் வகுப்பில்தான் என் மகள் மருதா படித்தாள். ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தவள், சோற்றுத்தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்க வந்தா அம்மாவுக்கு ஏனுங்கப்பா கை நின்னு போகுது?”

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். அந்தக் கதையை நானும் படித்திருந்தேன். நல்லாருக்குது என்று மயிலாத்தாளிடம் சொல்லியும் இருந்தேன். இப்போது எடுத்துப் படித்தால் ஒவ்வொரு வரியும் என்னைக் குத்தியது. இத்தனை வருசமும் என்னிடம் பயந்துகொண்டா குடும்பம் நடத்தினாள்? அவளிடமே கேட்டுவிடலாம்தான். “ஆமாங்க” என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

மறுநாள் செருமாமல் உள்ளே போனேன். அடுப்படியில் காலடி கேட்டுத் திரும்பியவள் அலறிவிட்டாள். கையிலிருந்த குண்டா உருண்டு ஓடியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சரி, இனி என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்று நானும் வெளியே வந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் காலேஜிலிருந்து அவளைக் கூட்டம் பேசக் கூப்பிட்டார்கள். “நீங்களும் வாங்க” என்றாள். காட்டில் வேலை கிடக்கிறது என்று எரிந்து விழுந்தேன். அம்மாவும் மகளும் போய்விட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கந்தப்பன் மச்சான், “ஒடம்பு எப்படிங் மாப்பிள்ளை?” என்று விசாரித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டான். அவன் மகனுக்கு சேஷன் சார் வகுப்பு.

மண்டபத்தில் கடைசி பெஞ்சில், ஒரு தூணுக்குப் பின்னால் ஒண்டினேன். மேடையில் இரண்டு சார்களும் முட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஏசுரத்தினம் மயிலாத்தாள் பக்கம் திரும்பினார்.

“நீங்களே சொல்லிருங்கம்மா. அவ கை எதுக்கு நின்னுச்சு? பயத்துலதான?”

எழுந்து நின்றாள். முந்தானையைத் திருகினாள். மைக் முன்னால் வாய் வரவில்லை. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்குச் செருமல் வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. செருமிவிட்டேன்.

சட்டென்று நிமிர்ந்தாள்.

“வந்துட்டீங்களா?” என்றாள், மைக்கில். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. பேச ஆரம்பித்துவிட்டாள்.

“பயந்தானுங்க. ஆனா அவருகிட்ட இல்லீங்க. கெணத்துல வெடி வெச்சு ஆழப்படுத்துன வருசம் எழுதுனதுங்க அது. வெடிச்ச பொறவு இவருதான் மொதல்ல உள்ள எறங்குவாரு. ஒவ்வொரு வெடிக்கும் எனக்கு ஈரக்கொலை நடுங்கும். சும்மா உக்காந்தா கண்டதெல்லாம் நெனைப்பு வருமுங்க. அதனால கை எதையாச்சும் உரிச்சுக்கிட்டே இருக்கும். வாசல்ல இவரு செருமுனா, மனுசன் வந்துட்டாருன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கைக்கு என்னங்க வேலை? நின்னுபோச்சு.”

எனக்கு உட்கார்ந்திருந்த பெஞ்சே லேசாகிப்போன மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

“அப்போ அவருக்கு வியாதியே இல்லையா?” என்றார் சேஷன் சார். “அந்தக் கை நின்னது, அவர் வாசல்லயே உயிரை விட்டுட்டார்னுதான்னு சொல்லி, வருஷா வருஷம் குழந்தைகளை அழவெச்சிண்டிருக்கேனே! நன்னா இருக்காரே, அது போறும்.” அவர் முகத்தில்தான் என்ன சந்தோஷம்! ஏசுரத்தினம் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, ஒங்கள எவ்வளவு வைதிருப்பேன் தெரியுமா? நாளைக்கே மாத்திச் சொல்லிருதேன்.” மனுசன்மேல் கோபப்பட வழியில்லாமல் போய்விட்டது.

“அன்னைக்கு எதுக்குங்க சத்தங்காட்டாம வந்தீங்க?” என்று பஸ்ஸில் மயிலாத்தாள் கேட்டாள். “ஒங்களுக்கு என்னமோ ஆகி, யாரோ எழவு சொல்ல வந்துட்டாங்கன்னு நெனச்சு உசுரே போச்சு.”

மூன்று பேரும் ஒன்றாகத்தான் ஊர் வந்து சேர்ந்தோம். அவர்கள் உள்ளே போக, நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தேன். வாசலில் நின்று நன்றாகச் செருமினேன்.

உள்ளேயிருந்து முதலில் கேட்டது மருதாவின் குரல்.

“வாங்கப்பா.”