கடைசித் தட்டு

அன்று மதியம் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சோறு பரிமாறும் அம்மாள். வாசலில் டோக்கன் கொடுக்கும் காவலாளி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற, எல்லோரும் ‘ஸ்டியரிங்’ என்று கூப்பிடும் மனிதர். என் சம்பந்தி. நான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், அங்கே இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள்.

வயதானவர்களுக்கு மதியம் ஒரு வேளை இலவசமாகச் சாப்பாடு போடும் கூடம் அது. நீளமான தகர மேஜைகள், தரையோடு திருகி வைத்த பெஞ்சுகள், எப்போதும் ஈரமாக இருக்கும் தரை. நான் கிடங்கு மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். மனைவி போன பிறகு ஒற்றை அறையில் இருக்கிறேன். வாடகையும் மாத்திரையும் போக மிஞ்சுவதில் ராத்திரி மட்டும் அடுப்பு எரியும். என் தெரு முனையிலேயே இப்படி ஒரு கூடம் உண்டு. அங்கே போனால் தெரிந்த முகங்கள். முதியவர்கள் பஸ்ஸில் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்பதால் இரண்டு பஸ் மாறி இங்கே வருவேன். தேய்த்த சட்டைதான் போடுவேன். வரிசையில் நிற்பதில்லை; கூட்டம் கலைந்த பிறகே உள்ளே போவேன். மகள் தினமும் போன் செய்து, “சாப்பிட்டீங்களாப்பா?” என்பாள். “ஆச்சும்மா” என்பேன். பொய் இல்லை.

“வாங்க மாப்பிள்ளை!” என்றார் ஸ்டியரிங், பல் குத்திக்கொண்டே. “இன்னிக்கும் இஸ்திரியா? சோறு திங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?”

பரிமாறும் இடத்துக்கு நடந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் கையில் டோக்கனோடு நின்றிருந்தார். கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை. முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

“சம்பந்தி! எங்க இந்தப் பக்கம்?”

“ஒரு வேலையா வந்தேன். நீங்க?”

“நானும் ஒரு வேலையாத்தான்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே வேலை போலிருக்கு” என்றார் ஸ்டியரிங்.

அச்சகம் நடத்தியவர் என் சம்பந்தி. பிள்ளைகள் கல்யாணத்தன்று நான் வந்து கையைப் பிடித்து அழைத்த பிறகுதான் பந்தியில் உட்கார்ந்தார். அவர் மகன் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மகள் சமாளிப்பதாகச் சொல்லியிருந்தாள். சமாளிக்கிற வீட்டின் பெரியவர் இங்கே ஏன் நிற்கிறார் என்று நினைத்தபோது, ஊர் நாளைக்கு என்ன சொல்லும் என்பதுதான் முதலில் வந்தது. மாமனாருக்குச் சோறு போடாத மருமகள். என் மகள்.

பரிமாறும் அம்மாள் அண்டாவைச் சுரண்டி ஒரு தட்டை நிரப்பினாள். சோறு, மேலே பருப்பு. “இதுதாங்க கடைசி. யாராவது ஒருத்தர் பிடிங்க, நான் பாத்திரம் கழுவணும்.”

தட்டை வாங்கி அவரிடம் நீட்டினேன். “நீங்க சாப்பிடுங்க சம்பந்தி.”

“அதெப்படி? நீங்க சாப்பிடுங்க.”

“பொண்ணைக் குடுத்தவன் நான். உங்களை நிக்க வச்சுட்டு நான் உக்காந்து சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க பொண்ணை ஒண்ணும் நினைச்சுடாதீங்க. ஒரு குறையும் வைக்கல. அவ தட்டுல இருக்கறத எடுத்து என் தட்டுல வைக்கறா. கேட்டா, அப்பவே சாப்பிட்டேன் மாமாங்கறா. பானையைத் தொறந்து பாத்தேன், காலி. அதான் இன்னிக்கு, சிநேகிதன் வீட்டுல சாப்பாடுன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். இன்னிக்குத்தான் மொத நாள்.”

எனக்கு எதுவும் தோன்றவில்லை. கோபமோ அழுகையோ வந்திருக்க வேண்டும். தட்டின் சூடு மட்டும் விரலில் தெரிந்தது.

“பிடிங்க” என்றேன்.

“நீங்க இளைச்சிருக்கீங்க சம்பந்தி. நீங்கதான்…”

“பிடிங்கன்னா பிடிங்க!”

என் குரல் உயர்ந்தது உண்மை. நான்கு கைகள் தட்டின் விளிம்பில் இருந்தன. அது சாய்ந்தது. ஈரத் தரையில் சோறு சத்தமில்லாமல் விழுந்தது. தட்டுதான் நெடுநேரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பரிமாறும் அம்மாள் எங்களைப் பார்க்கவில்லை. துடைப்பத்தை எடுத்து வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். “வீட்டுக்கு ஒரு தடவை வாங்க” என்றார். “வரணும்” என்றேன். அவர் பஸ் முதலில் வந்தது.

ஸ்டியரிங் அதை டிப்போவில் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறார். அது கைமாறிக் கைமாறி என் மகள் தெருவுக்கே போய்ச் சேர்ந்தது.

“அப்பா, நீங்களும் மாமாவும் ஒரு தட்டுச் சோத்துக்கு அடிச்சுக்கிட்டீங்களாமே?”

அவள் குரலில் அழுகை இல்லை. விலாசம் விசாரிப்பதுபோல் போனில் கேட்டாள்.

“நீ சாப்பிட்டியாம்மா?”

“ஆச்சுப்பா” என்றாள்.

அந்தத் தட்டை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம் என்று பேசுகிறார்கள். தவறு. யாரும் இழுக்கவில்லை. இரண்டு பேரும் தள்ளினோம்.