அம்சா வைத்த மருந்து

உத்திரமேரூர் ஏரி மதகைத் திறந்துவிட்டு வேதகிரி ஒரு குரல் கொடுத்தால் கடைமடை வயல்வரை கேட்கும். அடுத்த குரல் பெண்டாட்டிக்கு. "அம்சா! கூளு எங்கடி?" கட்டிய நாளாய் அந்தக் கூச்சலுக்குச் சலித்துக்கொண்டவள்தான் அம்சா. இப்போது அதைக் கேட்க மாட்டோமா என்று ஏங்கினாள்.

வேதகிரிக்கு ரத்தக் கொதிப்பு. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். சீக்கிரம் குணமாகட்டுமே என்று அம்சா சந்தையில் சர்ப்பகந்தி வேர் வாங்கி, இடித்து, அவனுக்குத் தெரியாமல் கூழில் கரைத்துக் கொடுத்துவந்தாள். மண்ணில் முளைத்த வேர் என்ன செய்துவிடப் போகிறது? கொதிப்பு அடங்கியது. கூடவே ஆளும் அடங்கிப்போனான். மதகடியில் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், காரணமில்லாமல் கண்கலங்குவான்.

"அம்சா புருசனுக்கு மருந்து வெச்சுட்டாடி!" என்று பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் கிணற்றடியில் பற்றவைத்தாள். புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள வசிய மருந்து வைத்தவள் என்ற பேர், பாவம், அம்சாவுக்கு!

அதனால்தான், வேதகிரியை மறுபடி கூட்டிப்போனபோது ஆஸ்பத்திரியில் டாக்டர், "வேற ஏதாவது மருந்து கொடுக்கிறியாம்மா?" என்றதும் பதறினாள். "ஐயோ, நான் மருந்து வெக்கல சாமி!"

டாக்டர் வேதகிரியின் பக்கம் திரும்பி, "உடம்புக்கு என்னப்பா பண்ணுது?" என்றார்.

"நான் இருந்து இன்னா ஆவப்போவுது சார்," என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

அதைக் கேட்ட அம்சா சுற்றிலும் கூட்டம் இருந்ததை மறந்தாள். "நான்தான் சாமி வெச்சேன்! சர்ப்பகந்தி வேரு. தெனம் கூள்ல கலந்து குடுத்துக்கினு கீறேன்."

"அடடா! இந்த மாத்திரையே அந்த வேர்ல இருந்து எடுத்த சத்துதாம்மா. அளவோட போனா கொதிப்பை அடக்கும். மிஞ்சினா மனசையே அமுக்கிப்போடும். ஒரே மருந்தை ரெண்டு வழியா கொடுத்திருக்கே!"

வேர் நின்றது, டாக்டர் மாத்திரையையும் மாற்றினார். வேதகிரி மெல்ல மெல்லத் தேறினான். அறுப்பு நெருங்கிய ஒரு காலையில், ஏரிக்கரையிலிருந்து ஊர் அதிரக் குரல் வந்தது.

"அம்சா! கூளு எங்கடி? வேரு கீரு கலக்காம கொண்டா!"

கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு அம்சா அழுதாள், சிரித்தாள். வாய்பிளந்து நின்ற சிட்டம்மாளிடம் திரும்பினாள்.

"ஆமாண்டி, வெச்சேன். வேரானாலும் மருந்து மருந்துதான், அதுக்கும் அளவு கீது. வூட்ல இன்னா குடுத்தோம்னு டாக்டரு கேட்டா, மறைக்காம சொல்லிடணும். உன் வாய்க்குப் பயந்து நான் மறைச்சிருந்தா, இந்தக் குரலு எனக்கு ஏதுடி?"