பெண் பார்க்கப் போன நாகம்மாள்

பட்டாபிராம் மிலிட்டரி கொட்டகையில் மூட்டை இறக்கும் வேம்புலிக்கு இரண்டாம் தாரம் பார்த்துவிட்டாள் அவன் அக்கா பொன்னியம்மா.

"உம்பொண்ணு வடிவுக்குப் பத்து வயசாவுது. புத்தி இன்னும் மூணுலயே நிக்குது. நாளைக்கு உனக்குக் கஞ்சி ஊத்த ஒரு புள்ள வாணாமா?"

அக்கா முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாத வேம்புலி தலையைச் சொறிந்தான். அவன் பெண்டாட்டி நாகம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"நல்லதுதான் அண்ணி. பொண்ணு பாக்க நானும் வரேன். வடிவையும் இட்டுகினு வரேன்."

"நீ எதுக்குடி?"

"வரப்போறவகிட்ட எல்லாத்தையும் ஒப்படைக்க வாணாமா?"

பாடி என்ற ஊரில், பெண்ணின் அப்பா கன்னியப்பன் வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அவர் மகள் முனியம்மா வடைத் தட்டோடு வந்தாள். வேம்புலி வழக்கம்போல் வடையைப் பிட்டு மகளுக்கு ஊட்டப் போனான். வீட்டில் தினமும் இதற்குத்தான் சண்டை. சிந்தினாலும் தானே சாப்பிடட்டும் என்பாள் நாகம்மாள். பாவம் குழந்தை என்பான் அவன். வடிவு அப்பன் கையைத் தட்டிவிட்டுத் தானே ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். இன்னொன்றை முனியம்மாவின் வாயில் திணித்தாள்.

முனியம்மா சிரித்துவிட்டாள். வடிவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வேம்புலியைக் கேட்டாள்:

"இதுக்குத் தலை வாரி உடறது யாரு?"

"அவதான்," என்று நாகம்மாளைக் காட்டினான்.

"துணி தொவைக்கறது?"

"அதுவும் அவதான்."

"நீ இன்னா பண்ற?"

"ஊட்டி உடுவேன்."

"அதான் தானே துன்னுதே!"

நாகம்மாள் உதவிக்கு வந்தாள். "மத்தபடி தங்கமான மனுசன்மா. சொக்காயைத் தேடிக் குடுக்கணும், முதுகு தேய்ச்சு உடணும். சின்னக் கொழந்தைகூட அவ்ளோ தொந்தரவு இல்ல."

முனியம்மா அப்பனிடம் திரும்பினாள். "நைனா, இந்த ஆளு எனக்கு வாணாம். வடிவை மட்டும் அப்பப்ப இட்டாரச் சொல்லு."

பொன்னியம்மா கோபித்துக்கொண்டு நேரே தன் ஊரான திருமழிசைக்கு வண்டி ஏறிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேம்புலி முணுமுணுத்தான். "அக்கா கேட்டப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்," என்றாள் நாகம்மாள். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல அவளுக்கு மனசில்லை. அவன் மூக்கை உறிஞ்சியபோது மட்டும் கொஞ்சம் பாவமாக இருந்தது.

மறுநாள் ஏரியில் வேம்புலி வடிவின் பாவாடையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தான். துவைக்க வந்த பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாகம்மாள் கரையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

"ஓரத்துல அழுக்கு கீது. இன்னொரு தபா போடு."

இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற வடிவு கைதட்டினாள்.

"இன்னொரு தபா!"